பழைய மடிக்கணினிக்குப் புதிய நினைவாற்றல்

பள்ளிகளிலும், விரிவாக்க நிலையங்களிலும், கள அலுவலகங்களிலும் பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பெற்ற மடிக்கணினிகள் பல இன்று அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றின் திரை பழுதுபடவில்லை. விசைப்பலகையின் எழுத்துக்கள் கூட அழியவில்லை. ஆயினும், "மிகவும் மெதுவாக இயங்குகிறது" என்ற ஒரே குற்றச்சாட்டின்மேல் அவை கழிவுப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. அவற்றிற்கு ஈடாகப் புதியவை வாங்க நிதி கிடைக்கும்வரை, ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைக் கையால் எழுதுகிறார்; களப்பணியாளர் தம் குறிப்பேட்டைச் சுமந்துகொண்டு நகரத்துக்குச் செல்லுகிறார்.

குற்றச்சாட்டு உண்மையே, ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் தவறாகவே உணரப்படுகிறது. இயந்திரம் மூப்பினால் தளர்ந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். மின்னணுச் சுற்றுக்கள் வண்டி அச்சைப் போல உராய்ந்து தேய்வன அல்ல. வெப்பம் முறையாக வெளியேறுமாயின், கணினியின் செயலி பத்தாண்டுகளுக்கு முன் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டதோ அவ்வளவு விரைவாகவே இன்றும் கணக்கிடுகிறது. மாறியிருப்பது அதன்மேல் ஏற்றப்படும் சுமையாகும். இணைய உலாவி, கூட்டங்களுக்கான காட்சித் தொடர்பு, நோய்நிரல் தடுப்பு மென்பொருள் ஆகிய அனைத்தும் முன்னிலும் பன்மடங்கு இடத்தை நினைவகத்தில் வேண்டுகின்றன. அவ்விடம் போதாமையே தாமதத்திற்கு அடிக்கடி காணப்படும் காரணமாகும். அப்போதாமையை நீக்குவது, பல மடிக்கணினிகளில், ஒரு சிறிய திருப்புளியைக் கொண்டு அரைமணி நேரத்திற்குள் செய்யக்கூடிய வேலையேயாம். ஆனால் காரணத்தைத் தெளியாமல் பலகையை வாங்குவோர் பணத்தை இழப்பர். அறிய வேண்டுவன யாவை என்பதை இங்கே காண்போம்.

நினைவகம் என்பது யாது?

கணினியில் செய்திகள் இரண்டு இடங்களில் தங்குகின்றன. ஒன்று, மின்சாரம் நின்ற பின்னரும் செய்தியைக் காத்துவைக்கும் வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம். மற்றொன்று, செயலி அப்போதைக்கப்போது எடுத்தாளும் நினைவகம்; கடைகளில் இது 'ரேம்' என்ற பெயரால் வழங்குகிறது. முன்னது அலமாரி, பின்னது எழுதும் மேசை. அலமாரி எத்துணைப் பெரியதாயினும், வேலை நடப்பது மேசைமீதுதான்.

இன்று வழக்கிலுள்ள நினைவகத்தின் அடிப்படை அமைப்பை 1966-ஆம் ஆண்டில் கருதியவர் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு ஆவார். அதற்கான காப்புரிமை 1968-இல் வழங்கப்பட்டது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி ஆகிய இரண்டைக்கொண்டே 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரு துணுக்குச் செய்தியைக் காக்கலாம் என்பது அவர் கண்ட வழி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருப்பின் 1, இன்றேல் 0. அம்மின்னூட்டம் கசியும் இயல்புடையது. ஆதலின் பொதுவாக ஒவ்வோர் அறையும் 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேலாக, படிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகிறது. மின்சாரம் நின்றவுடன் நினைவகம் வெறுமையாகிவிடுவதன் காரணம் இதுவே.

1970-இல் இண்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 துணுக்குகளைக் கொண்டிருந்தது. இன்று நாம் பழையது என்று ஒதுக்கும் 4 ஜிகாபைட் நினைவகப் பலகை ஒன்றில் 3,435 கோடிக்கு மேற்பட்ட துணுக்குகள் உள்ளன. அதனை 1103 சில்லுகளைக்கொண்டு அமைப்பதாயின், 3 கோடியே 35 லட்சத்திற்கு மேற்பட்ட சில்லுகள் வேண்டும். விரல் நீளமுள்ள ஒரு பலகையில் அடங்கிய இவ்வரும்பொருளைக் குப்பையில் எறியுமுன் சற்றுச் சிந்தித்தல் தகும்.

தாமதம் எவ்வாறு நிகழ்கிறது?

நினைவகம் நிறைந்துவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை. அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை வன்தட்டிற்கு மாற்றிவிட்டு, அவ்விடத்தைப் புதிய வேலைக்கு அளிக்கிறது. முன்னது மீண்டும் தேவைப்படும்போது வேறொன்றை வெளியேற்றி அதனைக் கொண்டுவருகிறது. மேசை நிறைந்ததும் ஒவ்வொரு தாளுக்காகவும் அலமாரிக்கு எழுந்து சென்று வருவதை ஒத்தது இது.

இந்நடையின் தூரத்தை எண்களால் உணரலாம். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியைப் பெறுவதற்கு ஏறத்தாழ 100 நானோவிநாடி ஆகும் என்று கொள்வோம். சுழலும் வன்தட்டில் ஓரிடத்தைத் தேடி அடைவதற்கு 10 மில்லிவிநாடி அல்லது அதற்கு மேலும் ஆகிறது. இது முன்னதைப்போல் ஒரு லட்சம் மடங்கு. நினைவகத்தின் வேலையை ஒரு விநாடி எனப் பெருக்கிக் காட்டினால், வன்தட்டின் வேலைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து, மேலும் மூன்று மணிக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி. இதனினும் மிக விரைவானது. எனினும் அதே அளவுகோலில் அதற்கும் ஏறக்குறைய 17 நிமிடம் வேண்டும். வேலையின் நடுவே சுட்டுக்குறி உறைந்து, வன்தட்டின் சிறுவிளக்கு ஓயாது மின்னுவது இந்த நெடும் பயணத்தின் அடையாளமாகும்.

நோயைத் தேர்ந்த பின்னரே மருந்து

ஆகவே, எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் குறைபாடு நினைவகத்தில்தானா என்று தெளிதல் வேண்டும். அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்தையும் திறந்து வைத்துக்கொள்க. விண்டோஸ் அமைப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். அதன் செயல்திறன் பகுதியில் நினைவகத்தின் பயன்பாட்டையும் வட்டின் பயன்பாட்டையும் தனித்தனியே காணலாம். லினக்ஸ் அமைப்புகளில் இதே பணியை 'சிஸ்டம் மானிட்டர்' செய்கிறது.

நினைவகம் ஏறத்தாழ முழுவதும் நிறைந்திருக்க, வட்டும் இடைவிடாது இயங்குமாயின், குறை நினைவகத்தினது என்று கொள்ளலாம். நினைவகத்தில் பாதி வெறுமையாயிருக்கவும், வட்டு மட்டும் நூற்றுக்கு நூறு விழுக்காடு ஓடிக்கொண்டிருக்குமாயின், வன்தட்டே தாமதத்தின் காரணம், அங்கே எஸ்.எஸ்.டி. பொருத்துதலே தக்க மருந்தாகும். இரண்டும் ஓய்ந்திருக்கச் செயலி மட்டும் முழுமூச்சாக உழைக்குமாயின், நினைவகத்தைப் பெருக்குவதால் பயன் விளையாது. காற்றுவழியில் படிந்த தூசியால் வெப்பம் மிகுந்து, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுவதும் உண்டு. அதற்கு ஒரு தூரிகையே போதும்.

இயந்திரம் ஏற்குமா?

அடுத்து ஆராய வேண்டுவது இயந்திரத்தின் இயல்பு. எல்லா மடிக்கணினிகளிலும் நினைவகத்தை மாற்ற இயலாது. மெல்லிய உடலமைப்புடைய பலவற்றில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டுள்ளன. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தது முதலே இவ்வகையைச் சேர்ந்தது. சில கணினிகளில் ஒரு பகுதி ஒட்டப்பட்டும், மற்றொரு பகுதிக்கு ஒரு பொருத்துவாய் விடப்பட்டும் இருக்கும். கணினியின் மாதிரி எண்ணை அடிப்புறச் சீட்டில் கண்டு, தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்தால் இது விளங்கும். பொருத்துவாய்கள் எத்தனை, அவற்றுள் நிரம்பியவை எத்தனை என்பதை விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜரும் காட்டும்.

மூன்றாவதாக, இயக்கமுறைமையின் வரம்பு. 32 துணுக்கு முகவரியால் எண்ணக்கூடிய இடங்கள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டுகள். இதுவே 4 ஜிகாபைட். அதிலும் ஒரு பகுதி பிற உறுப்புகளின் முகவரிகளுக்குப் போய்விடுவதால், 32 துணுக்கு விண்டோஸ் சாதாரணமாக மூன்றேகால் முதல் மூன்றரை ஜிகாபைட் வரையே பயன்படுத்துகிறது. அவ்வமைப்பை வைத்துக்கொண்டு 8 ஜிகாபைட் பொருத்துவது, நாழியில் மரக்கால் நெல்லை அளந்து கொட்டுவதை ஒக்கும். முதலில் 64 துணுக்கு அமைப்பை நிறுவுதல் வேண்டும்.

தலைமுறைகளும் அவற்றின் அடையாளமும்

மடிக்கணினிகளில் பொருத்தப்படும் நினைவகப் பலகைகள் தலைமுறை தோறும் வேறுபடுகின்றன. ஒன்றிற்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அவற்றின் அடையாளங்கள் வருமாறு:

டி.டி.ஆர்.2: 200 முனைகள், 1.8 வோல்ட்.
டி.டி.ஆர்.3: 204 முனைகள்; 1.5 வோல்ட்.
டி.டி.ஆர்.3 எல்: 204 முனைகள், 1.35 வோல்ட்.
டி.டி.ஆர்.4: 260 முனைகள், 1.2 வோல்ட்.
டி.டி.ஆர்.5: 262 முனைகள், 1.1 வோல்ட்.

பலகையின் விளிம்பிலுள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் இடம் மாறியிருப்பதால், தவறான பலகை பொருத்துவாயில் இறங்காது; வலிந்து அழுத்தினால் உடையும். ஆனால் இப்பட்டியலில் இரண்டாவதும் மூன்றாவதும் தம்முள் ஒத்த வடிவுடையன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றம் விளைவது இங்கேதான். 1.35 வோல்ட் பலகை 1.5 வோல்ட்டிலும் இயங்கவல்லது. ஆதலின் பழைய டி.டி.ஆர்.3 கணினிகளில் அதைப் பொருத்தலாம். இண்டெல்லின் நான்காம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகள் முதலானவையோ 1.35 வோல்ட்டையே வேண்டுகின்றன, அவற்றில் 1.5 வோல்ட் பலகையைப் பொருத்தினால் கணினி உயிர் பெறாதிருக்கலாம். பலகையின் சீட்டில் 'பிசி3' என்றிருப்பின் முன்னது. 'பிசி3எல்' என்றிருப்பின் பின்னது. ஐயம் நேருமிடத்து எல் வகையைக் கொள்வதே காப்பாகும்.

அச்சீட்டில் அடுத்துக் காணும் எண்ணும் பொருளுடையது. 12800 என்றிருப்பின் விநாடிக்கு 12,800 மெகாபைட் கடத்தவல்லது என்பது கருத்து. ஒவ்வொரு கடத்தலிலும் 8 பைட்டுகள் செல்வதால், இதனை எட்டால் வகுக்க 1600 என்னும் வேக எண் கிடைக்கும். வேகம் வேறுபட்ட இரு பலகைகள் ஒருங்கே பொருத்தப்படின், இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். இரு பொருத்துவாய்களிலும் ஒத்த பலகைகளை இட்டால், செய்தி இரு வழிகளில் ஒரே காலத்தில் செல்லும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளுக்கு இது தனி நன்மை தரும்.

ஓர் எடுத்துக்காட்டு

2011-இல் வெளிவந்ததும், பழைய பொருள் சந்தையில் இன்னும் புழங்குவதுமான லெனோவோ திங்க்பேட் எக்ஸ்220 என்னும் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். இதன் அடிப்புறத்துச் சிறு மூடியைத் திறந்தால் இரண்டு பொருத்துவாய்களும் ஒருங்கே தெரியும். வேண்டப்படுவது 1333 வேகமுள்ள டி.டி.ஆர்.3. தயாரிப்பாளரின் குறிப்பு 8 ஜிகாபைட்டை உச்ச வரம்பாகக் கூறுகிறது. ஆனால் இக்கணினிகளில் இடம்பெற்ற ஐ5-2520எம் செயலிக்கு இண்டெல் வகுத்த வரம்பு 16 ஜிகாபைட். இரு 8 ஜிகாபைட் பலகைகளைப் பொருத்திப் பலரும் இதனை இயக்கி வருகின்றனர். எனவே கணினியின் கையேட்டோடு செயலியின் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. எனினும் அலுவலகப் பணத்தைச் செலவிடுவோர் கையேட்டின் வரம்பிற்குள் நிற்பதே முறை.

எவ்வளவு நினைவகம் போதும் என்பது வேலையைப் பொறுத்தது. கடிதம், மதிப்பெண் பட்டியல், சில இணையப் பக்கங்கள் ஆகியவற்றிற்கு 4 ஜிகாபைட் இன்று குறைந்த அளவு. 8 ஜிகாபைட் வசதியான அளவு. செயற்கைக்கோள் படங்களையும் புவித்தகவல் வரைபடங்களையும் கையாளும் களப்பணியாளருக்கு 16 ஜிகாபைட் வேண்டியிருக்கும். தேவைக்கு மேற்பட்ட நினைவகம் வெறுமையாகக் கிடக்குமேயன்றி வேகத்தைக் கூட்டாது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை மிகுந்ததால் உலகெங்கும் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. இந்நிலையில் வேண்டிய அளவை அறிந்து வாங்குவது சிக்கனத்தின் முதற்படியாகும்.

பொருத்தும் முறை

1. முதலில் கோப்புகளுக்குப் படி எடுத்து வைக்க. கணினி அலுவலகச் சொத்தாயின் உரிய அனுமதி பெறுக. உத்தரவாதக் காலம் முடியாதிருப்பின் அதன் விதிகளைப் பார்க்க.

2. கணினியை உறக்க நிலையில் விடாமல் முற்றிலும் நிறுத்துக. மின்னூட்டியைக் கழற்றுக. கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் எடுத்துவிடுக. உள்ளே அமைந்ததாயின், மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பைத் தாய்ப்பலகையிலிருந்து விடுவிக்க. பின்னர் இயக்குபொத்தானைப் பத்து விநாடி அழுத்தி, எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிடுக. மின்கலம் வீங்கியிருப்பின் வேலையை அங்கேயே நிறுத்தித் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க.

3. உடலில் தங்கும் நிலைமின்சாரத்தைப் போக்குக. நம் விரல் உணரும் மின்பொறி ஏறக்குறைய 3,000 வோல்ட்டிற்குக் குறையாதது. சில்லுகளோ அதனினும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் கெடக்கூடியவை. எனவே நாம் உணராமலே சேதம் நேரலாம். வட இந்தியச் சமவெளியின் வறண்ட குளிர்காலத்திலும், பாலை நிலங்களிலும் இவ்வபாயம் மிகுதி. கம்பளி, நைலான் ஆடைகளைத் தவிர்த்து, கம்பள விரிப்பில்லாத இடத்தில் அமர்ந்து, வண்ணம் பூசாத உலோகப் பகுதி ஒன்றைத் தொட்ட பின்னரே பலகையை எடுக்க.

4. திருகாணிகளை, எடுத்த இடம் தெரியுமாறு ஒரு தாளில் வரிசையாக வைக்க. பலகையின் இருபுறமும் உள்ள கவ்விகளை வெளிப்புறமாக மெல்ல விலக்கினால், பலகை ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். விளிம்பைப் பற்றி அச்சாய்விலேயே வெளியே இழுக்க. பொன்னிற முனைகளைத் தொடுதல் ஆகாது.

5. புதிய பலகையின் வெட்டைப் பொருத்துவாயின் மேட்டோடு நேர்படுத்தி, சாய்வாக முழுவதும் உள்ளே செலுத்துக. முனைகள் ஏறத்தாழ மறைந்த பின் கீழே அழுத்தினால், கவ்விகள் 'டிக்' என்ற ஒலியோடு பற்றிக்கொள்ளும். பாதி நுழைந்த பலகையை அழுத்துவதே தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை.

6. மின்கலத்தை இணைத்துக் கணினியை இயக்குக. முதல் தடவை திரை ஒளிபெறச் சற்று நேரம் ஆகலாம். திரை இருண்டே இருப்பின், அல்லது கணினி ஒலிக்குறிகளை எழுப்பின், அஞ்ச வேண்டியதில்லை. மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்துப் பலகையைக் கழற்றிப் பொருத்துக. அதன் பின்னும் இயங்காவிடில், ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே இட்டுப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரியும்.

பொருத்தியதோடு வேலை முடியவில்லை. குறையுள்ள நினைவகம் கணினியை நிறுத்துவதோடு அமையாது. கோப்புகளையும் சத்தமின்றிச் சிதைக்கும். ஆதலின் விண்டோஸிலுள்ள நினைவகச் சோதனையையோ, மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளையோ ஓரிரவு முழுவதும் ஓடவிட்டு, பிழை ஒன்றேனும் தோன்றின் பலகையைக் கடைக்காரரிடம் திருப்புதல் வேண்டும்.

நினைவகத்தால் இயலாதவை

நினைவகத்தைப் பெருக்கினால் எல்லாக் குறையும் தீரும் என்று கருதுதல் தவறு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தோடு டி.பி.எம். 2.0 என்னும் காப்புறுப்பையும், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்ட இண்டெல் செயலியையும் வேண்டுகிறது. மேலே கூறிய எக்ஸ்220-இல் 16 ஜிகாபைட் பொருத்தினும் அத்தகுதி அதற்கு வாராது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கணினியை இணையத்தோடு இணைத்து, மாணவர் விவரங்களையோ பயனாளிகளின் பட்டியலையோ அதில் வைத்திருப்பது பொறுப்பன்று.

இதற்கு வழி இல்லாமலில்லை. லினக்ஸ் அமைப்புகள் பழைய கணினிகளிலும் இயங்கி, திருத்தங்களையும் தொடர்ந்து பெறுகின்றன. சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் என்னும் இந்திய அமைப்பு இவ்வகையினது. கேரள மாநிலத்தின் பள்ளிகள் கைட் நிறுவனத்தின் வாயிலாகக் கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. போதிய நினைவகமும், ஓர் எஸ்.எஸ்.டி.யும், லினக்ஸ் அமைப்பும் சேருமாயின், கழிக்கவிருந்த மடிக்கணினி வகுப்பறையில் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

வகுப்பறையில் ஒரு பாடம்

கழற்றிய பழைய பலகையை ஆசிரியர்கள் எறிந்துவிடலாகாது. அது நல்லதொரு கற்பிக்கும் கருவியாகும். மாணவர் அதன் சில்லுகளை எண்ணட்டும். முனைகளைக் கணக்கிட்டு அது எத்தலைமுறையினது என்று தாமே கண்டறியட்டும். ஒரு சில்லில் எத்தனை துணுக்குகள் என வகுத்துப் பார்க்கட்டும். அடுக்குக் கணிதமும் மின்தேக்கியின் இயல்பும் அவர்தம் கைகளிலேயே விளங்கும். பாடம் முடிந்த பின், அப்பலகை நல்ல நிலையிலிருப்பின், அதனினும் குறைந்த நினைவகமுடைய மற்றொரு கணினிக்குப் பயன்படலாம். கெட்டதாயின், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்த்தல் வேண்டும்.

ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் சூழலுக்கு விளைக்கும் சுமையில் பெரும்பகுதி, அது பயனுக்கு வருமுன், தொழிற்சாலையில் ஆக்கப்படும்போதே விளைந்துவிடுகிறது. ஆகவே நன்னிலையிலுள்ள ஒன்றை ஓராண்டு மிகுதியாகப் பயன்படுத்துவதும் நாட்டின் செல்வத்தைக் காப்பதேயாகும். இவ்வாண்டு கழிவுப் பட்டியல் எழுதப்படும்போது, "மெதுவாக இயங்குகிறது" என்ற குறிப்புள்ள ஒவ்வொரு கணினியின் எதிரிலும் அதன் நினைவகத்தின் அளவு, பொருத்துவாய்களின் எண்ணிக்கை, வட்டின் வகை ஆகிய மூன்றையும் எழுதி வைப்போமாக. அம்மூன்று விவரங்களைப் பார்த்த பின் எத்தனை பெயர்கள் அப்பட்டியலிலிருந்து நீங்குகின்றன என்பது தானே விளங்கும்.